கண்ணை மூடினால் எனக்கு இருட்டுதான்

நம் பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். தறியில் பாவு ஓட்டுவது, கயிறு முறுக்குவது, சாயம் ஏற்றுவது எல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். அதை நான் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். உண்மையைச் சொன்னால் நானே படிக்க மாட்டேன். அதனால், ஓய்வு பெற்ற பிறகும் வழியில் நிறுத்தி எல்லாரும் என்னைக் கேட்கிற ஒரே கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். "டீச்சர், இந்த டிசைன் எல்லாம் உங்க மனசுல எப்படித்தான் வருது?"

வராது. அதுதான் பதில்.

தன்னடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது என்னிடம் கொஞ்சம் குறைவுதான், என் தோழி ஷிகாவைக் கேட்டால் சொல்வாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மாம்பழத்தை நினை என்றால் உங்களில் பெரும்பாலோருக்கு ஒரு மாம்பழம் தெரியுமாம். மங்கலாகவோ பளிச்சென்றோ, ஏதோ ஒன்று. எனக்கு ஒன்றுமே தெரியாது. மாம்பழம் என்றால் என்ன என்று தெரியும், மஞ்சளாக இருக்கும் என்று தெரியும், காம்புப் பக்கம் பால் பிசுபிசுக்கும் என்றும் தெரியும். பார்க்க மட்டும் முடியாது. பிறந்ததிலிருந்தே இப்படித்தான். இதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருப்பதாக என் தங்கை மகள் போனில் காட்டினாள். அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. பெயர் வைக்கிற அளவுக்கு என் மாதிரி ஆட்கள் இருக்கிறார்களே என்று ஆறுதலாக இருந்தது.

இந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் பருத்தி நூலிலும் கயிற்றிலும் தேங்காய் நாரிலும் சுவரில் மாட்டும் வால் ஹேங்கிங் நெய்து வாழ்ந்தேன். ஹோட்டல் வரவேற்பறைகளிலும் ஆபீஸ் சுவர்களிலும் நான் நெய்தவை தொங்குகின்றன. அதில் ஒன்றைக்கூட நெய்து முடிப்பதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எனக்கு இப்படி ஒரு குறை இருக்கிறது என்பதே பயிற்சிக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. என் வீடு டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து சாத்தம் மர மில்லில் வேலை பார்த்தவர். மையத்தில் என்னோடு சேர்ந்தவள் ஷிகா, பெங்காலிப் பெண். எங்களுக்கு நடுவில் ஓடியது இந்தத் தீவின் இந்தி. இலக்கணம் பார்த்து மார்க் போட்டால் இரண்டு பேருமே பெயில்தான். முதல் வாரத்தில் எங்கள் பெரிய மேடம், அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர், எங்களை உட்கார வைத்து, "கண்ணை மூடுங்க. நீங்க நெய்யப் போறது முழுசா முடிஞ்சு சுவர்ல தொங்குறதைப் பாருங்க" என்றார். எல்லாரும் மூடினார்கள். நானும் மூடினேன். வெளியே மீன் வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

டீ நேரத்தில் ஷிகா, தான் பார்த்தது நீலத்தில் இருந்தது, கீழே வெள்ளைக் குஞ்சம் ஆடியது என்றாள்.

"பார்த்தேன்னா, நினைச்சேன்னு சொல்ற. அப்படித்தானே?"

"நினைக்கல, செல்வி. தேகா. இந்தக் கண்ணால பார்த்த மாதிரி பார்த்தேன்."

"கண்ணை மூடிட்டு?"

"பாகல் ஹோ கயீ க்யா?" என்றாள். பைத்தியமா என்று அவள் என்னைக் கேட்க, நான் அவளைக் கேட்க, டீ ஆறிப்போனது. கடைசியில் அவள் மற்றவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக விசாரித்தாள். எல்லாரும் எதையோ பார்த்திருந்தார்கள். நான் மட்டும் மீன்காரர் கூவியதைக் கேட்டிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய், இந்த வேலை நமக்கு இல்லை, வேறு ஏதாவது பார்க்கலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் பெரிய மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. ஏதோ தறியில் ஒரு கட்டை உடைந்துவிட்டது என்று சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மனசுல இடம் இல்லைன்னா தரையில எடுத்துக்கோ" என்றார். பெரிய ஹாலின் பாதித் தரையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். நூலையும் துணியையும் அங்கே முழு அளவில் விரித்துப் போட்டு, முக்காலி மேல் ஏறி நின்று பார்த்து, பிடிக்காவிட்டால் இறங்கி மாற்றிப் போட்டு, மறுபடி ஏறி. மற்றவர்கள் கண்ணை மூடி ஒரு நிமிடத்தில் செய்வதை நான் முக்காலியில் ஏறி இறங்கி ஒரு வாரம் செய்தேன். என் முழங்கால் வலிக்கு அந்த முக்காலிதான் காரணம், ஆனாலும் அதன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒரு ஆளின் தலை எப்படி இருக்கிறதோ அதற்குத் தக்கபடி வேலையை மாற்றிக் கொடுக்கத் தெரிந்த ஒரு மேலதிகாரி வாழ்க்கையில் ஒருவராவது கிடைக்க வேண்டும். எனக்கு ஆரம்பத்திலேயே கிடைத்தார். அந்த நன்றியை இதுவரை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

படம் வராததால் வந்த அடியையும் சொல்ல வேண்டும். தனியாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்த புதிதில், கடல் நிறத்தில் நூல் வேண்டும் என்று மெயின்லேண்டு வியாபாரிக்குப் போன் செய்தேன். "கடல் கலர் தானேம்மா, ஜம்முனு அனுப்புறேன்" என்றார். கப்பலில் மூட்டை வந்து சேர்ந்தது. பிரித்தால் சாம்பலும் பழுப்புமாகக் கலந்த ஒரு நிறம். போன் செய்து சத்தம் போட்டேன். "எங்க ஊர்க் கடல் இந்தக் கலர்தாம்மா" என்றார் மனிதர், கொஞ்சமும் அசராமல். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் வார்த்தையை அனுப்பினேன், அவர் தன் கடலை அனுப்பினார். அதற்குப் பிறகு நிறத்தை வாயால் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரு துண்டு நூலை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய் வைத்துப் பார்த்து, அந்தத் துண்டையே தபாலில் அனுப்புவேன். உங்களுக்கு மனசில் நிறம் தெளிவாகத் தெரியலாம். கடைக்காரருக்கும் தெளிவாகவே தெரியும். இரண்டும் ஒன்றா என்று யாருக்குத் தெரியும்? துண்டை அனுப்புங்கள்.

இதெல்லாம் சிறு சங்கதிகள். நான் உண்மையில் சொல்ல வந்தது மாரிமுத்து அண்ணன் கொண்டுவந்த சேலைகளைப் பற்றி. நானும் ஷிகாவும் இதே மையத்தில் வேலை பார்த்த காலத்தில், ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

மாரிமுத்து அண்ணன் தீவுகளுக்கு நடுவே ஓடும் கப்பலில் சுக்கான் பிடிக்கும் சுக்கானியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடும்பம் இலங்கையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டது. அவர் பிறகு சௌல்தாரியில் கொஞ்சம் நிலம் வாங்கிப் பாக்கு வைத்துக்கொண்டு இருந்தார். மனைவி லெட்சுமி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே மகள் நந்தினிக்கு திருச்சியில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. ஒருநாள் தகரப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் மகளுமாக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெட்டிக்குள் லெட்சுமியின் சேலைகள்.

"புள்ள இதெல்லாம் கட்டாது, டீச்சர். பழைய சேல. அங்க கொண்டுபோனா பீரோ அடியில கெடக்கும். சொவத்துல மாட்டுற மாதிரி ஏதாச்சும் நெய்ஞ்சு குடுங்க. அம்மா கூட வந்த மாதிரி இருக்கும்."

சேலைகளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, கயிற்றுப் பாவில் குறுக்கே ஊடையாகக் கொடுத்து நெய்யலாம் என்றேன். அண்ணன் தலையாட்டிவிட்டு, "எப்படி வரும்னு உங்க மனசுல ஒரு படம் வந்திருக்குமே. அதச் சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

வழக்கமாக வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். நூலை மறுபடி வாங்கிக்கொள்ளலாம், கயிறு போனால் போகட்டும். ஆனால் இது செத்துப்போன ஒரு பெண்ணின் சேலை. கிழித்தால் கிழித்ததுதான். அதனால் உள்ளதைச் சொன்னேன். எனக்குப் படம் எதுவும் வராது அண்ணே, தரையில் விரித்துப் போட்டுத்தான் பார்ப்பேன் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கண் தெரியாதவரிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார், நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். மகள் கையைப் பிடித்து அழுத்தியதால் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு கண்டிஷன். அவர் வந்து பார்க்கிற வரைக்கும் கத்தரிக்கோல் படக்கூடாது.

சேலைகளைக் கிழிக்காமல், நெய்யும் அகலத்துக்கு மடித்து மடித்து ஹால் தரையில் வைத்தேன். மெரூன் பாலியெஸ்டர், மஞ்சள் நைலக்ஸ், சாயம் போன பச்சைப் பருத்தி, ஒரு வெளிர் நீலம், இன்னும் சில. ஒரு வாரம் ஏறி இறங்கி, சனிக்கிழமை மதியம் ஒரு வழியாகப் படிந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. வானம் மூடியிருந்தது. மேகத்து வெளிச்சத்தில் போட்டோ எடுத்தால் நிறம் மாறிவிடும், திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஹாலைப் பூட்டிவிட்டு வந்தேன். அண்ணனும் நந்தினியும் திங்கட்கிழமைதான் வருவதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டித் தீர்த்தது. ஹால் கூரை ஒழுகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கு அன்று உடம்புக்கு முடியவில்லை. ஷிகாதான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய், ஹாலைத் திறந்து, சேலைகளை எடுத்து அழகாக மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள். அவள் போயிருக்காவிட்டால் சாயம் இறங்கி எல்லாம் பாழாகியிருக்கும். அது மட்டுமல்ல, திங்கட்கிழமை காலையில் எனக்கு முன்னால் வந்து, தரையைத் துடைத்து, சேலைகளைப் பழையபடி விரித்தும் வைத்துவிட்டாள்.

"கவலைப்படாதே, எல்லாம் ஞாபகம் இருக்கு. அப்படியே வெச்சிட்டேன்" என்றாள் இந்தியில்.

பார்த்தேன். நன்றாக இருந்தது. நடுவில் பளிச்சென்ற நிறங்கள், ஓரத்தில் இருண்டவை. பார்க்கிற யாருக்கும் பிடிக்கும். ஆனால் மஞ்சளுக்குப் பக்கத்தில் மெரூன் இருந்தது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். நான் வேலை செய்யும்போது வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்வேன். படம் நிற்காததால் காரணத்தைச் சொல்லி வைத்துக்கொள்கிறேன். சொன்னது எனக்கு மறக்காது. மஞ்சளும் மெரூனும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டும் கத்துகிறது, தள்ளி வை என்று புதன்கிழமை நான் எனக்கே சொல்லியிருந்தேன்.

"இது பக்கத்துல இல்ல, ஷிகா. நடுவுல பச்சை இருந்துச்சு."

"இல்ல, பக்கத்துலதான். என் கண்ணுக்குள்ள அப்படியே இருக்கு."

"உன் கண்ணுக்குள்ள இருக்கலாம். தரையில இல்ல."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வராதா பின்னே? மழையில் நனைந்துகொண்டு வந்து காப்பாற்றியவள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. தனக்குப் பிடித்த மாதிரி அது உள்ளே மெல்ல நகர்ந்து உட்கார்ந்துவிட்டது, நகர்ந்தது அவளுக்கே தெரியாது. மனசில் படம் வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு, கவனமாக இருங்கள். எனக்கு இருந்த ஆபத்து வேறு. எது சேராது என்று சொல்லி வைத்ததால் எது தப்பு என்று ஒரு இடத்தில் சொல்ல முடிந்ததே தவிர, முழுசாக எது சரி என்று சொல்ல முடியவில்லை. ஒரு வார வேலை போய்விட்டது. அண்ணன் வரும் நேரமாகிவிட்டது.

"இது நல்லாத்தானே இருக்கு? இதையே காட்டு. பார்ட்டிக்கு என்ன தெரியப் போவுது?" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் நின்று யோசித்தேன். ஆனால் இது ஏன் இப்படி என்று அண்ணன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரு அடுக்குக்கு என்னால் காரணம் சொல்ல முடியாவிட்டால் அதை நம்பி நான் கத்தரிக்கோலை எடுக்க முடியாது. எல்லாவற்றையும் திரும்ப மடித்துப் பெட்டி மேல் வைத்தேன். ஷிகா டீ கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனும் நந்தினியும் வந்து பார்த்தபோது தரை காலியாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அண்ணன் சத்தம் போடவில்லை. "பரவாயில்ல டீச்சர். நான் எடுத்துட்டுப் போறேன்" என்று பெட்டியிடம் குனிந்தார். நந்தினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பெண் அம்மாவின் ஒரு நூல்கூட இல்லாமல் கப்பல் ஏறுவாள் என்று எனக்குத் தெரியும். அவரைத் தடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதும் தெரியும்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. போறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா என் கையில குடுத்து, இது அண்ணி எப்போ கட்டுனதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் தரையில வெக்கிறேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன்.

கடைசியாக மடித்தது மேலே இருந்தது. அந்த வெளிர் நீலம். அதை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இத ஏன்ம்மா போட்ட?" என்று மகளைக் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது லெட்சுமி கட்டியிருந்த சேலை அது. நந்தினி அதைக் கவனிக்காமல் பெட்டியில் சேர்த்துவிட்டாள். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து சேலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், உங்களுக்குப் படம் வராதுன்னு சொன்னீங்கல்ல. அன்னைக்கு எனக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. வீட்டுக்குப் போயி யோசிச்சேன், நீங்க குடுத்து வெச்ச ஆளு. எனக்கு வருது. கண்ண மூடினா ஆஸ்பத்திரி கட்டில்ல மூக்குல டியூப்போட கெடக்குறாளே, அது ஒண்ணுதான் வருது. இத்தன வருசம் குடும்பம் நடத்தினேன். அதுல ஒண்ணாவது வரட்டும்னு பாக்குறேன், ஏலாது. சிரிச்ச முகம் ஒண்ணு வரமாட்டேங்குது."

அப்பா இப்படிப் பேசி அந்தப் பெண் கேட்டதில்லை போலிருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "எங்க அம்மா முகம் எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்ல அண்ணே. உயிரோட இருந்தப்பவே, அடுத்த ரூம்ல இருந்தா வராது. ஆனா அம்மா எனக்கு மறக்கல. எண்ணெய் தேய்க்கும்போது காதை வலிக்கிற மாதிரி இழுப்பாங்க. கோபம் வந்தா என் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அதெல்லாம் அப்படியே இருக்கு. படத்தை விடுங்க. அது வந்தா வரட்டும். அண்ணி என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க."

அண்ணன் நீலத்தை ஓரமாக வைத்துவிட்டு மெரூனை எடுத்தார்.

"கப்பல் வர்ற அன்னைக்கு இதத்தான் கட்டிட்டு கப்பல் கட்டுற ஜெட்டிக்கு வருவா. வேற சேலையே கட்ட மாட்டா. ஏன்டி எப்பவும் இதையேன்னு ஒரு தடவ கேட்டேன். கூட்டத்துல நீங்க தேடக்கூடாதுல்லன்னா. மேலேருந்து பாத்தா அவ்ளோ சனத்துல ஒரு பொட்டு மாதிரி தெரியும். அதப் பாத்திட்டுத்தான் மூச்சு விடுவேன்."

பச்சைப் பருத்தி நந்தினிக்குத் தொட்டில் கட்டியது. "உனக்கு இந்தச் சேலையில போட்டாத்தான் தூக்கம். தொவச்சுக் காயப்போட்டா, காயுற வரைக்கும் வீட்ட ரெண்டாக்குவ." நந்தினி அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தாள்.

மஞ்சள் நைலக்ஸை எடுத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுவா! ஒரு தடவ என்னமோ சண்ட. பேசாமயே கப்பலுக்குப் போயிட்டேன். திரும்பி வர்றப்ப ஜெட்டியில மெரூனக் காணோம். எனக்குக் கையி காலு ஓடல. எறங்கித் தேடுறேன், தேடுறேன். கடைசி வரிசையில ஒரு தூணுக்குப் பின்னாடி மஞ்சச் சேலையில நிக்குறா. 'தேடினீங்கல்ல, அது போதும்'னா. அடுத்த கப்பலுக்கே பழையபடி மெரூனுக்கு மாறிட்டா."

நந்தினி அழுதுகொண்டே சிரித்தாள். நான் மெரூனையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவை கத்தத்தான் செய்தன. கத்தட்டும், அது அவர்கள் சண்டை. வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஷிகாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும், ஆனால் மஞ்சள் எங்கே போனது என்று நன்றாகவே புரிந்தது. "நான் சொன்னேன்ல?" என்று கையாலேயே கேட்டாள். இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். என் காரணமும் தோற்றது, அவள் படமும் உண்மையில் ஜெயிக்கவில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை.

மதியத்துக்குள் தரை நிரம்பிவிட்டது. அண்ணன் முக்காலியில் ஏறி நின்று பார்த்தார். "நல்லா வருமா டீச்சர்?" என்றார்.

"தெரியாதுண்ணே. நெய்யும்போதுதான் தெரியும். தப்பா வந்தா பிரிச்சுத் திரும்ப நெய்வேன். எத்தனை தடவை வேணும்னாலும் பிரிப்பேன். ஆனா கிழிச்சா திரும்பச் சேலையா ஆகாது. அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் இறங்கிப் பச்சைச் சேலையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மகளிடம் கொடுத்தார். நான் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு வெட்டினேன். பழைய பருத்தி, நேராகக் கிழிந்துகொண்டே போனது. கிழித்து முடித்தபின் அவரே அந்த வெளிர் நீலத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "இதையும் சேத்துக்குங்க. ஆனா இதுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்றார். அதில் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் எடுத்து, அடியில் ஓரமாகக் கொடுத்தேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த நெசவில் நான் இரண்டு இடத்தில் பிரிக்க வேண்டி வந்தது. ஷிகா கூடவே உட்கார்ந்து பட்டைகளைச் சுருட்டிக் கொடுத்தாள். என் கையில் அதைவிட நேர்த்தியான வேலைகள் நிறைய வந்திருக்கின்றன. ஆனால் எனக்கு இந்தத் தலை கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டது அந்த வேலையில்தான். என்னிடம் ஒரு படம் ஏற்கெனவே இருந்திருந்தால் அண்ணனைப் பேசச் சொல்லியிருக்க மாட்டேன். என் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு வெட்டியிருப்பேன். என் தரை காலியாக இருந்ததால்தான் அங்கே லெட்சுமி அண்ணி வந்து நிற்க இடம் இருந்தது. உங்களில் யாருக்காவது கண்ணை மூடினால் ஒன்றும் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். இந்த வேலை உங்களுக்கும்தான். படம் தெரிகிறவர்கள், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிற வரைக்கும் அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

கல்யாணம் முடிந்து நந்தினி அதைச் சுருட்டி பாலித்தீன் சுற்றிக் கப்பலில் கொண்டுபோனாள். திருச்சியில் வாசலுக்கு நேரே மாட்டியிருப்பதாகப் போட்டோ அனுப்பினாள். அதன் பிறகு சில மாதம் அண்ணனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. ஒருநாள் ஒரு தார் வாழைப்பழத்தோடு மையத்துக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. ஷிகா டீ போட்டாள். எனக்கு ஆசை தாங்கவில்லை, கேட்டே விட்டேன். அந்த ஆஸ்பத்திரிப் படம் இப்போது போய்விட்டதா என்று.

"இல்ல டீச்சர், இன்னும் அதேதான் வருது" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"முன்னெல்லாம் ராத்திரி அது வந்தா எந்திரிச்சு உக்காந்திடுவேன். இப்ப வந்ததும் நான் பேச ஆரம்பிச்சிடுறேன். மெரூன் கட்டிட்டு நின்னியே, மஞ்சள்ள ஒளிஞ்சியே, புள்ளைக்குத் தொட்டில் கட்டினியேன்னு ஒவ்வொண்ணா அவகிட்டயே சொல்லுவேன். ஒரு நாளும் சொல்லி முடிச்சதில்ல, டீச்சர். அதுக்குள்ள தூங்கிப் போயிடுறேன்."